14 பேர் சேர்ந்து ஆலப்புழாவில் ஒரு படகை முழுசாக எடுத்து பார்ட்டி வைக்க, எதையெல்லாம் பார்த்து புக் செய்ய வேண்டும்?

14 பேரும் பெரியவர்கள், ஒரு பிறந்தநாள், பாட்டும் ஆட்டமும் வேண்டும், முடிந்தால் இரவும் படகிலேயே தங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படிக் கிளம்புகிற எல்லோரும் முதலில் விசாரிப்பது "எத்தனை ரூம், என்ன ரேட்?" என்பதைத்தான். பார்ட்டிக்கு என்றால் அதற்கும் முன்னால் விசாரிக்க வேண்டியது, படகு எந்த நேரத்தில் ஓடும், எந்த நேரத்தில் கட்டிக் கிடக்கும் என்பது.

ஒரு இரவுக்கான ஹவுஸ் போட்டில் மதியம் 12 மணிக்கு ஏற்றுவார்கள், மறுநாள் காலை 9 மணிக்கு இறக்கிவிடுவார்கள். கேட்பதற்கு 21 மணி நேரம். அதில் படகு ஓடுவது நாலைந்து மணி நேரம்தான். பன்னிரண்டரைக்குக் கிளம்பும், சாப்பாட்டுக்காக ஏதாவது ஒரு கரையில் ஒரு மணி நேரம் நிற்கும், பிறகு மாலை ஐந்தரை வரை ஓடும். அதற்குமேல் மீனவர்கள் காயலில் வலை விரிக்கும் நேரம், ஹவுஸ் போட்டுகள் கரையில் கட்டியாக வேண்டும். காலையில் டிபனுக்கு முன்போ பின்போ ஒரு சின்னச் சுற்று, அவ்வளவுதான். நடுக்காயலில் ராத்திரி பதினோரு மணிக்கு விளக்கு மின்ன ஆடுவது போல யாராவது படம் காட்டினால், நடக்காத ஒன்றை விற்கிறார் என்று அர்த்தம்.

படகு கட்டிய பிறகு ஆடலாமே என்றால், கட்டுகிற இடம் பெரும்பாலும் குட்டநாட்டு வரப்புக்கரை. பத்தடி தள்ளி யாரோ ஒருவருடைய வீடு இருக்கும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது நாடு முழுக்க உள்ள விதி. தண்ணீர்மேல் சத்தம் வெகுதூரம் போகும். ஒன்பதரைக்கே படகுக்காரர் வந்து குறைக்கச் சொல்வார், அவர் சொல்வதில் நியாயமும் உண்டு.

அதனால் உங்கள் குழுவுக்கு என் யோசனை: பகல் பயணம் மட்டும் படகில், இரவு கரையில். காலை 11 மணியிலிருந்து மாலை 5 மணி வரை மேல்தளம் உள்ள பெரிய படகு ஒன்றை எடுங்கள். கேக், பாட்டு, சாப்பாடு எல்லாம் அதிலேயே முடியட்டும். இரவுக்கு ஹோம்ஸ்டே ஒன்றை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பெட்ரூம் போட்டை இரவுக்கு எடுப்பதைவிடச் செலவு குறையும், படுக்கையும் நிம்மதியாக இருக்கும். இரவைப் படகில்தான் கழிக்க வேண்டும், ஆட்டம் முக்கியமில்லை என்பவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கு ஒரே ஒரு குறிப்பு. வேம்பநாட்டுக் காயலின் கிழக்குக் கரையில், மேற்கே திறந்த தண்ணீரைப் பார்த்தபடி கட்டச் சொல்லுங்கள். படகு நின்றபின்தான் சூரியன் மறையும், அதை உட்கார்ந்து பார்க்கலாம். ஹவுஸ் போட்டுகள் கிளம்பும் பெரிய ஜெட்டியான ஃபினிஷிங் பாயிண்டிலேயே வரிசையில் கட்டினால் பக்கத்துப் படகின் ஜெனரேட்டர் புகைதான் மிஞ்சும்.

அடுத்தது ஆள் கணக்கு. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒவ்வொரு படகின் சர்வே சான்றிதழிலும் எத்தனை பேரை ஏற்றலாம் என்று எழுதியிருக்கும். "நாலு ரூம் போட்தான், ஆனா பகல்ல இருபது பேர்கூட ஏத்துவோம் சார்" என்பது பேச்சு, அந்தக் காகிதத்தில் இருப்பதுதான் கணக்கு. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டம் தானூரில் 22 பேர் இறந்த படகு, மீன்பிடிப் படகை மாற்றிச் செய்தது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிக்கொண்டு, பொழுது சாய்ந்த பிறகு ஓடியது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். ஆட்கள் ஒரே பக்கமாக நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. பார்ட்டிப் படகில் இதே ஆபத்துதான் வேறு வேடத்தில் வரும்: குரூப் போட்டோவுக்காக 14 பேரும் மேல்தளத்தில் ஒரே கைப்பிடி ஓரமாக வந்து நிற்பது. மேல்தளத்தில் எத்தனை பேர் என்பதற்குத் தனி வரம்பு உண்டா என்று ஸ்ராங்க்கிடம் கேளுங்கள் (படகை ஓட்டுபவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). ஆட்டத்தைக் கீழ்த்தளத்தில் வைத்துக்கொண்டு, மேலே உட்கார மட்டும் போனால் நல்லது. லைஃப் ஜாக்கெட் 14 இருக்கிறதா என்று கிளம்பும் முன் எடுத்து எண்ணுங்கள். கட்டிலுக்கு அடியில் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தால் அவிழ்த்து வெளியே வைக்கச் சொல்லுங்கள்.

புக் செய்யும் முறைக்கு வருவோம். ஆலப்புழா ரயில் நிலையத்திலோ பஸ் ஸ்டாண்டிலோ இறங்கியதும் "போட் வேணுமா" என்று வருபவர்கள் பெரும்பாலும் தரகர்கள். ஆட்டோக்காரருக்கும் இதில் பங்கு உண்டு. தரகர் மூலம் எடுப்பது பாவமில்லை, ஆனால் யாரிடம் பணம் போகிறது, எந்தப் படகு வருகிறது என்பது இரண்டு வேறு ஆட்களின் கையில் இருக்கும். கோளாறுகளில் பாதி இங்கேதான் பிறக்கிறது. போட்டோவில் காட்டியது ஒன்று, ஜெட்டியில் நிற்பது வேறொன்று. "அந்த போட் ரிப்பேர், இது அதைவிட நல்ல போட்" என்பார்கள். நீங்கள் 14 பேர் பெட்டி படுக்கையோடு வெயிலில் நின்றுகொண்டு என்ன வாதாட முடியும்?

அதற்கு வழி, படகின் பெயரையும் பதிவு எண்ணையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் வாங்குவது. எண் படகின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். வாட்ஸ்அப் வீடியோ காலில் அந்த எண்ணிலிருந்து ஆரம்பித்து மேல்தளம், கழிப்பறை, சமையலறை என்று நடந்து காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அடுத்தவரைப் பாருங்கள், ஆலப்புழாவில் படகுக்குப் பஞ்சமில்லை. அனுப்ப வேண்டிய செய்தி இப்படி இருந்தால் போதும்:

"இந்தத் தேதி, 14 பெரியவர்கள், பகல் 11 முதல் 5 வரை, படகு முழுவதும் எங்களுக்கு மட்டும். படகின் பெயர், பதிவு எண், சர்வே சான்றிதழ் மற்றும் இன்ஷூரன்ஸ் போட்டோ அனுப்பவும். சான்றிதழ்படி எத்தனை பேர்? படகில் பணியாளர் எத்தனை பேர்? கிளம்பும் ஜெட்டி எது? சாப்பாடு, தண்ணீர், டீசல், ஏசி, வரி எல்லாம் சேர்ந்து மொத்தம் எவ்வளவு? சொந்த ஸ்பீக்கர் வைக்கலாமா? வேறு படகு மாறினால் முழுப் பணம் திரும்பத் தருவீர்களா?"

இதில் ஏசி பற்றிய கேள்வி சும்மா இல்லை. குறைந்த வகைப் படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரை மட்டுமே ஏசி ஓடும், அதுவும் அறைக்குள் மட்டும். பகலில் மதியம் ஒரு மணிக்கு ஹாலில் ஆடிக்கொண்டிருக்கும்போது ஏசி போடச் சொன்னால், ஜெனரேட்டருக்குத் தனிக் காசு கேட்பார்கள். பகல் பயணத்துக்குக் காற்றோட்டமான திறந்த தளம் இருந்தாலே போதும், ஏசிக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

வாடகை நிலையான எண் இல்லை. அதே படகு, ஜூலை மாதச் செவ்வாய்க்கிழமைக்கும் டிசம்பர் 28-க்கும் இரண்டு மடங்குக்கு மேலேயே வித்தியாசப்படும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை, ஓணம், ஆயுத பூஜை விடுமுறை, பொங்கலை ஒட்டிய வாரக் கடைசி இவையெல்லாம் உச்ச நாட்கள். அந்த நாட்களில் இரண்டு மாதம் முன்பே பேசிவிடுங்கள். மற்ற நாட்களில் ஒரு வாரம் முன்பு கேட்டால்கூடப் பேரம் நடக்கும். நேரு கோப்பை வள்ளங்களி (படகுப் போட்டி) ஆலப்புழாவின் புன்னமடைக் காயலில்தான் நடக்கிறது. அன்றைக்கு அந்தப் பக்கம் சாதாரணப் பயணம் நடக்காது. நெடுங்காலம் ஆகஸ்ட் இரண்டாம் சனி என்று இருந்தது, சமீப வருடங்களில் தேதி மாறியிருக்கிறது, அந்தச் சமயத்தில் போனால் அந்த வருடத் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்கூட்டிப் பேச நேரமில்லாதவர்கள் மாவட்டச் சுற்றுலாக் கழகமான டி.டி.பி.சி.யின் கவுண்டரில் கேட்கலாம்.

ஒரு விஷயம் பலருக்கும் ஏமாற்றமாகிவிடுகிறது. போஸ்டரில் வரும் ஒடுக்கமான வாய்க்கால், இரு பக்கமும் தென்னை, படிக்கட்டில் துணி துவைக்கும் பெண்கள், இந்தக் காட்சிக்குள் பெரிய ஹவுஸ் போட் நுழையாது. அது அகலமான காயலிலும் பெரிய ஆறுகளிலும்தான் போகும். அந்த வாய்க்காலைப் பார்க்க சிகாராவோ (கூரை போட்ட சின்னப் படகு) சின்ன வள்ளமோ வேண்டும். மாலையில் ஒரு மணி நேரம் சிகாரா சேர்த்துப் பேசிக்கொள்ளுங்கள், இரண்டு சிகாராக்களில் 14 பேர் அடங்குவார்கள். பெரிய படகில் இருக்கும்போது வழியைக் கேட்டால், கைனகரி, ஆர் பிளாக், சித்திரக் காயல் பக்கம் போகச் சொல்லுங்கள். சித்திர, மார்த்தாண்டம், ராணி ஆகிய காயல் நிலங்கள் 1940-களில் ஜோசப் முரிக்கன் என்பவர் காயலிலிருந்து மீட்டெடுத்தவை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வயல் கிடப்பதைப் படகிலிருந்தே எட்டிப் பார்க்கலாம். பாட்டை ஐந்து நிமிடம் நிறுத்தினால் நஷ்டமில்லை.

சாப்பாடு. வழக்கமான மதியச் சாப்பாட்டில் சோறு, சாம்பார், தோரன், அப்பளம், ஆளுக்கு ஒரு கரிமீன் வறுவல். மாலை டீயோடு பழம்பொரி. சமையல்காரர் காலையிலேயே சந்தைக்குப் போய்விடுவதால், எத்தனை சைவம், எத்தனை அசைவம் என்பதை முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். இறால், கொஞ்சு (பெரிய ஆற்று இறால்) வேண்டுமென்றால் வழியில் ஒரு கரைக்கடையில் நிறுத்துவார்கள். அங்கே விலை சந்தையைவிடக் கணிசமாக அதிகம், எடையும் கண்ணெதிரே போட்டால்தான் சரி. காலையில் ஆலப்புழாவிலேயே வாங்கிக் கொடுத்து, சமைக்கும் கூலியை மட்டும் பேசிக்கொள்வது மேல். படகு ஃபிரிட்ஜ் சின்னது. 14 பேருக்குத் தெர்மாகோல் பெட்டி ஒன்றும் 15-20 கிலோ ஐஸும் எடுத்துப் போங்கள். மீன் மார்க்கெட் ஐஸ் பார் பாட்டிலைக் குளிரவைக்க மட்டும், டம்ளருக்குள் போட பாக்கெட் ஐஸ் தனியாக வாங்குங்கள். குடிதண்ணீர் 20 லிட்டர் கேன் இரண்டு.

பாட்டில் என்றதும் அடுத்த கேள்வி வரும். ஹவுஸ் போட்டில் பார் கிடையாது. குடிப்பதை அனுமதிக்கும் உரிமையாளர்களும் உண்டு, குடும்பப் படகு என்று மறுப்பவர்களும் உண்டு, முன்பே கேட்டுவிடுங்கள். கேரளத்தில் மது வாங்கவும் குடிக்கவும் 23 வயது ஆகியிருக்க வேண்டும். ஒருவர் கையில் 3 லிட்டர் வரை பிராந்தி, விஸ்கி வகையும் 3.5 லிட்டர் பீரும் வைத்திருக்கலாம். தமிழ்நாட்டு டாஸ்மாக் சரக்கையோ மாஹே சரக்கையோ எல்லை தாண்டிக் கொண்டுபோனால் வழக்கு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அரசு மதுக்கடைகள் மூடியிருக்கும். ஜனவரி 1-ம் அதில் சேரும். புத்தாண்டுக் கூட்டத்தில் இதை மறந்து தவிக்கிறவர்கள் ஏராளம்.

குடித்துவிட்டுக் காயலில் குதிப்பதை யார் சொன்னாலும் அனுமதிக்காதீர்கள். அடியில் சேறு, மேலே ஆகாயத்தாமரை, பக்கத்தில் சுற்றும் புரொப்பல்லர். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் உண்டு.

பிறந்தநாள் என்பதால் நெருப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கெட்டுவள்ளம் எனப்படும் இந்த ஹவுஸ் போட்டின் கூரை மூங்கிலும் பாயும் கயிறும். பின்பக்கம் கேஸ் சிலிண்டர். பொறி பறக்கும் ஸ்பார்க்லர், ஸ்கை லேண்டர்ன், பட்டாசு எதுவும் வேண்டாம். கேக் மெழுகுவர்த்தி ஒன்று, காற்றில்லாத ஹாலின் நடுவில், போதும். தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று ஏறியதுமே பார்த்துக்கொள்ளுங்கள். பலூனும் காகிதத் துண்டு பீச்சும் குழலும் தண்ணீரில்தான் போய் விழும், படகுக்காரர் முகம் சுளிப்பார். ஸ்பீக்கர் பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும், படகு இன்வெர்ட்டரில் பெரிய ஆம்ப்ளிஃபயரைச் செருகினால் ஃபியூஸ் போகும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போவதானால் வானிலைக்கு ஒரு வரி எழுதி வாங்குங்கள். மழை வலுத்து நீர்மட்டம் ஏறினால் மாவட்ட நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் முன்பணம் முழுவதும் திரும்ப வருமா, இல்லை தேதி மட்டும் மாற்றுவார்களா? ஹர்த்தால் நாளுக்கும் இதே கேள்வி. "பார்த்துக்கலாம் சார்" என்பது பதில் இல்லை. சாதாரண மழைக்குப் பயணம் ரத்தாகாது, பக்கத் திரையை இறக்கிவிட்டு ஓட்டுவார்கள்.

முன்பணம் நாலில் ஒரு பங்கு, அதிகம் போனால் பாதி. யுபிஐ-யில் அனுப்பும்போது வரும் பெயர், உங்களோடு பேசுகிறவர் பெயரா என்று பாருங்கள். மீதியை ஜெட்டியில், படகின் எண்ணை வாட்ஸ்அப் செய்தியோடு ஒத்துப் பார்த்து ஏறிய பிறகு கொடுங்கள். சிலர் ஏறியதுமே முழுப் பணம் கேட்பார்கள், அது அங்கே வழக்கம்தான். டிப்ஸை மட்டும் கடைசியில், ஸ்ராங்க், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் டிரைவர், சமையல்காரர் மூவருக்கும் அவரவர் கையிலேயே கொடுங்கள். ஒருவரிடம் மொத்தமாகக் கொடுத்தால் மற்ற இருவருக்கும் போய்ச் சேருமா என்பது சந்தேகம்.

சென்னையிலிருந்து இரவு வண்டியில் வந்தால் முற்பகலில்தான் ஆலப்புழாவில் இறங்குவீர்கள். ரயில் நிலையம் கடற்கரைப் பக்கம், ஃபினிஷிங் பாயிண்ட் ஊரின் மறுபக்கம். வண்டி தாமதமானால் பதினொரு மணிப் படகு உங்களுக்காகக் காத்திருக்கும், ஆனால் மாலை ஐந்து மணி தள்ளிப்போகாது. பகல் பயணத்துக்கு முந்தின நாளே வந்து தங்கிவிடுங்கள்.