காப்பகத்தில் தலையணையை ஏன் வாங்கிக்கொள்ளவில்லை?

வாசகர் கேள்வி: வேலைக்குப் போகிறேன், ஞாயிறு மட்டும்தான் ஓய்வு. போன மாதம் நண்பர்களுடன் அருகிலுள்ள விலங்குக் காப்பகத்துக்குப் போனேன். வீட்டிலிருந்த பழைய தலையணைகளும் ஒரு பை நிறைய நாய் பிஸ்கட்டும் எடுத்துப் போனோம். தலையணைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பிஸ்கட்டை ஓரமாக வைத்தார்கள், நாய்க்குட்டிகள் இருந்த அறைப் பக்கமே விடவில்லை. உதவி செய்ய வந்தவர்களை இப்படியா நடத்துவது? இருந்தாலும் விட மனமில்லை. வாரத்துக்கு 2 மணி நேரம் ஒதுக்க முடியும். வீட்டில் 6 வயது நாய் இருக்கிறது. குட்டிகளைத் தற்காலிகமாக எடுத்து வளர்த்துக் கொடுக்கலாமா?

பதில்: அவர்கள் சொன்ன விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் செய்தது மூன்றும் சரிதான். காப்பகத்தில் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் நானும் பலரைக் கதவருகிலேயே நிறுத்தியிருக்கிறேன். பின்னால் பத்துக் கூண்டுகள் காத்திருக்கும்போது நின்று காரணம் சொல்ல நேரம் இருக்காது. அதை இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் குட்டிகள். அந்த அறையில் எங்களுக்குப் பெரிய பயம் பார்வோ வைரஸ். 1978-இல்தான் இந்த நோயை மருத்துவர்கள் அடையாளம் கண்டார்கள், இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. வாந்தி, இரத்தம் கலந்த பேதி என்று தொடங்கி இரண்டு மூன்று நாளில் குட்டி சுருண்டுவிடும். நோய் கண்ட நாயின் மலத்தில் கிருமி ஏராளமாக வெளியேறும், அதுவும் அறிகுறி தெரியும் முன்பே. மண்ணில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும், நிழலும் ஈரமும் கிடைத்தால் ஒரு வருடம்கூட இருக்கும். அப்புறம் யாராவது ஒருவரின் செருப்படியில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும்.

தடுப்பூசிதான் போட்டிருப்பார்களே என்று கேட்பீர்கள். சீம்பால் வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் சில வாரங்கள் இருக்கும், அது இருக்கும்வரை ஊசி பலிக்காது. அந்தச் சக்தி மெல்லக் குறைந்து, நோயைத் தடுக்கவும் போதாமல், ஊசியையும் வேலை செய்யவிடாமல் நிற்கிற ஓர் இடைவெளி வரும். எந்தக் குட்டிக்கு எந்த வாரம் அது வரும் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் குறைந்தது 16 வாரம் ஆகும்வரை, காப்பகங்களில் 20 வாரம் வரைகூட, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் போடுகிறோம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், நோய்க்கூண்டைப் பார்த்துவிட்டு அதே காலணியோடு குட்டிகள் அறைக்குள் போனேன். அடுத்த வாரம் ஓர் ஈற்றுக் குட்டிகள் ஆறில் நான்கைப் புதைத்தோம். என் காலணிதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது, இல்லை என்று சொல்லவும் என்னால் முடியாது. அன்றிலிருந்து அந்த வாசலில் நான் யாருக்கும் முகதாட்சண்யம் பார்த்ததில்லை.

பிஸ்கட் விஷயமும் இதோடு தொடர்புள்ளதுதான். திடீரென்று தீனி மாறினால் நாய்க்கு வயிறு இளகும். வீட்டு நாய் என்றால் ஒரு நாள் பத்தியம் வைத்தால் போதும். காப்பகத்தில் ஒரு குட்டிக்குப் பேதி என்றால் பார்வோவோ என்று சந்தேகப்பட்டு, தனிக்கூண்டில் வைத்து, பரிசோதனை செய்து, சில நாள் பார்த்துத்தான் வெளியே விடுவோம். அந்த நாள்களில் அதைத் தத்துக் கேட்டு வருபவர்களுக்குக் காட்டவும் முடியாது. ஒரு பிஸ்கட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றால், ஆமாம். ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு பார்க்க வேண்டும்.

ஒரு காப்பகத்துக்குச் சராசரியாக நாளுக்கு 2 விலங்குகள் வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக 30 நாள் தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எப்போது போய் எண்ணினாலும் உள்ளே சுமார் 60 இருக்கும். வருகை அதேதான், தங்கும் நாளை மட்டும் 20 ஆக்கினால் உள்ளே இருப்பது 40. ஒரு விலங்கைக்கூடத் திருப்பி அனுப்பாமல், ஒரு கூண்டுகூடப் புதிதாகக் கட்டாமல் கூட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கூண்டைச் சுத்தம் செய்ய 9 நிமிடம், தீனி வைக்க 6 நிமிடம் என்று ஒரு விலங்குக்கு நாளுக்குக் குறைந்தது 15 நிமிடமாவது வேண்டும் என்பது காப்பக மருத்துவத்தில் பழகிப்போன கணக்கு. 60 விலங்குக்கு 15 மணி நேர வேலை, 40 விலங்குக்கு 10 மணி நேரம். கூட்டம் குறைந்தால் நோய் குறையும், நோய் குறைந்தால் தங்கும் நாள் இன்னும் குறையும். கூட்டம் ஏறினால் இதே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும், அது ரொம்ப வேகமாகச் சுற்றும்.

ஆகவே உங்கள் 2 மணி நேரத்தை எதற்குக் கொடுப்பது என்று யோசிக்கும்போது, "இதனால் ஏதாவது ஒரு விலங்கு ஒரு நாள் முன்னதாக வீட்டுக்குப் போகுமா?" என்று மட்டும் பாருங்கள். கொஞ்சிவிட்டு வருவதில் தவறில்லை. மனிதரைக் கண்டாலே மூலையில் ஒடுங்கும் நாய்க்கு அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதே வைத்தியம்தான். ஆனால் பெரும்பாலும் கொஞ்சப்படுவது ஏற்கெனவே வாலாட்டிக்கொண்டு முன்னால் வரும் நாய். அது எப்படியும் போய்விடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆளுக்குக் கச்சிதமான வேலை, நெடுநாள் தங்கிவிட்ட நாய் ஒன்றை வெளியே நடக்கக் கூட்டிப்போவது. கூண்டுக்குள் குரைத்துக்கொண்டே இருக்கும் நாய், அரை மணி நேரம் வெளியே நடந்தபின் எப்படி இருக்கிறது என்று கவனித்து எழுதிக் கொடுங்கள். சைக்கிளைப் பார்த்துப் பயந்ததா, சின்னப் பிள்ளைகளிடம் எப்படி நடந்துகொண்டது, கயிற்றை இழுத்ததா, காரில் ஏறியதா. தத்து எடுக்க வருபவர்கள் கேட்பது இவற்றைத்தான். பணியாளர்களிடம் பதில் இருக்காது, ஏனென்றால் அவர்கள் பார்ப்பது கூண்டுக்குள் இருக்கும் நாயை. படமும் அங்கேயே எடுத்துவிடுங்கள். கம்பிக்குப் பின்னால் நின்று எடுக்காமல், நாயின் கண் உயரத்துக்குக் குனிந்து, வெளிச்சத்தில். கறுப்பு நாய்க்குப் பகல் நிழலில் எடுத்தால்தான் முகம் தெரியும்.

உங்கள் நண்பர்களில் நாய் வளர்க்காதவர் இருந்தால் அவர் ஓர் இரவு வீட்டுக்கே கூட்டிப்போகலாமா என்று காப்பகத்தில் கேட்கட்டும். 2019-இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்காவின் 5 காப்பகங்களைச் சேர்ந்த 200-க்கும் மேற்பட்ட நாய்களை ஓரிரு இரவுகள் வீடுகளில் தங்கவைத்து, சிறுநீரில் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனை அளந்தார்கள். வீட்டில் இருந்தபோது அளவு குறைந்தது. திரும்பக் கொண்டுவிட்டதும் பழைய அளவுக்கு வந்தது, அதைத் தாண்டி ஏறவில்லை. 'கூட்டிப்போய்த் திரும்ப விட்டால் ஏங்கிப்போகும்' என்று தயங்குபவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

தலையணையை மறந்துவிடவில்லை. பஞ்சடைத்த எதையும் ஒழுங்காகத் துவைத்துக் கிருமி நீக்க முடியாது. நாய் பிய்த்துத் தின்றால் பஞ்சு குடலில் அடைத்து அறுவை சிகிச்சை வரை போகும். துண்டு, பருத்தி விரிப்பு, மெல்லிய போர்வை என்றால் கைநீட்டி வாங்கிக்கொள்வார்கள், அவற்றைக் கொதிநீரில் போட்டு எடுக்கலாம். பூனைகளுக்கு இன்னும் மலிவாக ஒன்று உண்டு: அட்டைப்பெட்டி. நெதர்லாந்தில் 19 காப்பகப் பூனைகளை வைத்துச் செய்து 2014-இல் வெளியிட்ட ஆய்வில், ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்த பூனைகள் மூன்று நான்கு நாளிலேயே அமைதியாகிவிட்டன, பெட்டி இல்லாதவை அந்த நிலைக்கு வர இரண்டு வாரம் ஆனது. பெட்டி அழுக்கானால் தூக்கி எறிந்துவிடலாம், கழுவும் வேலையும் இல்லை.

கழுவும் வேலைக்கே உங்களை விட்டார்கள் என்றால் ஒரு விஷயம். அழுக்கின் மேல் ப்ளீச் ஊற்றுவது வீண். மலமும் மண்ணும் அதன் வீரியத்தைத் தின்றுவிடும். முதலில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும், பிறகு வீட்டு ப்ளீச் திரவம் 1 பங்கு, தண்ணீர் 32 பங்கு கலந்து, 10 நிமிடம் ஈரம் காயாமல் விட்டு அலச வேண்டும். பூனைகள் இருக்கும் இடத்தில் பினாயில் பக்கமே போகாதீர்கள். அந்த வகை ரசாயனத்தை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு இல்லை. காலில் பட்டதை நக்கினாலே விஷம்.

சரி, குட்டிகளைத் தற்காலிகமாக வளர்ப்பது. நல்ல யோசனை, ஆனால் எந்தக் குட்டி என்பதைப் பொறுத்தது. கண் திறக்காத பூனைக்குட்டி வேலைக்குப் போகும் ஆளுக்கு வேண்டவே வேண்டாம். முதல் வாரத்தில் இரவும் பகலும் 2, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்க வேண்டும். மாட்டுப்பால் கொடுத்தால் பேதியாகும், குட்டிகளுக்கென்றே வரும் பால்மாவுதான் கொடுக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடித்து ஊட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும், குப்புறப் படுக்கவைத்துத்தான் ஊட்ட வேண்டும். உடம்பு சில்லிட்டிருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, முதலில் சூடேற்றி, பிறகுதான் பால். ஆர்வத்தில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான். மூன்று வாரம் வரை ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே வருடிவிட்டால்தான் சிறுநீரும் மலமும் போகும். தாய்ப்பூனை நக்கிச் செய்வதை நாம் பஞ்சால் செய்கிறோம்.

உங்களுக்குப் பொருத்தம் தானாகச் சாப்பிடத் தெரிந்த, 6 முதல் 8 வாரப் பூனைக்குட்டிகள். பூனைக்குட்டி சுமார் 1 கிலோ எடை வந்தால் பல காப்பகங்களில் கருத்தடை செய்து தத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த எடைக்காகக் காத்திருக்கும் இரண்டு மூன்று வாரங்களைக் கூண்டில் கழிப்பதற்குப் பதிலாக உங்கள் வீட்டில் கழிக்கட்டும். மனிதரோடு பழகும் பருவம் பூனைக்கு 2-ஆம் வாரத்திலிருந்து 7, 8-ஆம் வாரம் வரைதான், கடைசிப் பகுதி உங்கள் கையில் கிடைக்கும். அறுவை சிகிச்சையான பெரிய விலங்கைத் தையல் ஆறும்வரை 10, 14 நாள் வைத்துக்கொள்வதும் நல்ல உதவி. நாய்க்குட்டிகளை இப்போதைக்குத் தவிர்க்கச் சொல்வேன். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி காலாவதியாகாமல் இருக்க வேண்டும், வந்த விலங்குக்குக் கதவு மூடக்கூடிய தனி அறை வேண்டும், முதல் 2 வாரம் இருவரும் சந்திக்கக் கூடாது. குட்டியின் தோலில் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் அது படர்தாமரையாக இருக்கலாம், உங்களுக்கும் உங்கள் நாய்க்கும் தொற்றும். அறையில் விழுந்த அந்தப் பூஞ்சையின் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். வாங்கும்போதே பார்த்து வாங்குங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது, அதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை: தொலைபேசி. 'எங்களால் இனி வளர்க்க முடியாது, கொண்டுவந்து விடலாமா?' என்று கூப்பிடுபவர்களோடு பேசுவது. கால் மணி நேரம் பொறுமையாகக் கேட்டால் பாதிப் பேருக்குத் தேவை காப்பகம் அல்ல என்று தெரியவரும். கண்ட இடத்தில் சிறுநீர் போகும் பூனைக்குப் பெரும்பாலும் நீர்த்தாரைக் கோளாறு அல்லது மண்தட்டு பிடிக்கவில்லை. (ஆண்பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரம், அன்றே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள், தாமதித்தால் இறந்துவிடும்.) திரும்பத் திரும்பக் குட்டி போடுகிறது என்பவருக்குக் கருத்தடைக்கு நாள் குறித்துக் கொடுத்து, வண்டியில் கூட்டிப்போய் வர ஆள் கிடைத்தால் போதும். பூனையின் கர்ப்பம் 9 வாரம்தான், பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடி சினையாகும், 4, 5 மாதக் குட்டியே தாயாகத் தயாராகிவிடும். உள்ளே வராத விலங்கு தங்கும் நாள் பூஜ்யம்.

விலங்குகளைத் தொடும் வேலை எதுவானாலும், தொடங்கும் முன்பே வெறிநாய்க்கடி நோய்க்கான முன்தடுப்பூசியும் டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். கடியோ கீறலோ பட்டால், சின்னதுதானே என்று விடாமல், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். முன்பே ஊசி போட்டிருந்தாலும் போக வேண்டும்.

அடுத்த ஞாயிறு போகும் முன் ஒரு போன் போட்டு, 'உங்களிடம் ரொம்ப நாளாக இருப்பது யார்?' என்று கேளுங்கள். உடனே ஒரு பெயர் வரும். அன்றைக்கு அந்த நாயோடு மட்டும் இருந்துவிட்டு வாருங்கள். போகும்போது கையில் நான்கு அட்டைப்பெட்டி இருக்கட்டும், தலையணையைத் திருப்பிக் கொடுத்த அதே ஆள் இன்னும் நான்கு கிடைக்குமா என்று கேட்பார்.