நுவரெலியாவில் ஓடும் பழைய எம்.ஜி.பி. காருக்கு டர்போ எஞ்சின் மாற்றலாமா?

உங்களிடம் இருப்பது 1965 எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், வீடு நுவரெலியாவில், ஏற்றத்தில் இழுவை போதவில்லை, நிசான் எஸ்ஆர்20 டர்போ எஞ்சின் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். ஆனால் எஞ்சினுக்கென்று வைத்திருக்கும் காசில் பாதியை இறக்கத்துக்காக, அதாவது பிரேக்குக்காக, எடுத்து வைத்துவிட்டுப் போடுங்கள். பண்டாரவளையில் கராஜ் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

இழுவை போதாததற்குப் பாதிக் காரணம் உங்கள் ஊர்தான். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். புதிதில் 95 குதிரைவலு தந்த 1,798 சிசி எஞ்சின், அந்தக் காற்றில் 76 அளவுக்கு இறங்கிவிடும். கார்புரேட்டர் இரண்டையும் கீழ்நாட்டில் வைத்து டியூன் செய்திருந்தால் இன்னும் மோசம். முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கறுப்பாகக் கரி படிந்திருந்தால், எஸ்.யூ. கார்புரேட்டருக்கு அடியில் இருக்கும் ஜெட் நட்டை, அதன் ஆறு பக்கங்களில் ஒரு பக்க அளவு, அப்புறம் இன்னொரு பக்க அளவு என்று மேலே ஏற்றி, பெற்றோலைக் குறைத்து ஓட்டிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை. இதோடு டர்போ ஆசையை விட்டவர்களும் உண்டு. கொழும்புக்குப் போகும்போது மட்டும் பழையபடி வைத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆசை இருந்தால், சரி, மலைக்கு டர்போ நல்ல தேர்வுதான். எஞ்சின் புகையின் வேகத்தில் சுழன்று காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவதுதான் டர்போ, அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அரை பார் பூஸ்ட் என்றால் கொழும்பில் எஞ்சினுக்குள் போவது ஒன்றரை பார், நுவரெலியாவில் 1.3 பார். ஐந்தில் ஒரு பங்குக்குப் பதில் எட்டில் ஒரு பங்கு போலத்தான் நட்டம். நிசானின் எஸ்13 சில்வியா காரில் வந்த எஸ்ஆர்20இல் டி25 என்ற சிறிய டர்போ இருக்கும், 205 குதிரைவலு. அதை அப்படியே விடுங்கள். பெரிய டர்போ போடச் சொல்கிறவர் ரம்பொடைப் பக்கம் ஓட்டியிருக்க மாட்டார். கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியரில் வெளியே வரும்போது பூஸ்ட் உடனே வர வேண்டும். அடுத்த வளைவில் வந்து என்ன பிரயோசனம்?

இப்போது பெற்றோல் விஷயம். உங்கள் காரின் பழைய பம்ப் மூன்று பவுண்ட் அழுத்தம் தந்தாலே அதிகம். நிசான் எஞ்சினில் கார்புரேட்டர் இல்லை, பெற்றோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். இன்ஜெக்‌ஷனுக்கு 40க்கு மேல் வேண்டும். பம்ப் மாற்றினால் போதும் என்று பலர் நினைப்பார்கள். கார்புரேட்டரில் மிதவை அறை என்று ஒரு சிறிய கையிருப்பு உண்டு. டெங்க்கில் பெற்றோல் ஒரு பக்கம் சாய்ந்து பம்ப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்தக் கையிருப்பு கிடையாது. கால் டெங்க் பெற்றோலோடு நீண்ட வளைவில் முழு பூஸ்டில் போகும்போது அந்த ஒரு நொடி வந்தால் பிஸ்டன் உருகிவிடும். அதனால் பம்ப்புக்கு முன்னால் ஒரு சிறிய இடைத்தொட்டி கட்டாயம் வையுங்கள். டெங்க்குக்குத் திரும்பும் குழாயும் வேண்டும். ஊற்றுவது 95 ஒக்டேன்.

1965 கார் என்பதால் இன்னொன்றும் உண்டு. 1967 வரை வந்த எம்.ஜி.பி.க்களில் பெட்டரியின் பொசிட்டிவ் முனைதான் பொடியோடு எர்த்தாக இணைந்திருக்கும். அதை மாற்றாமல் நிசானின் கம்ப்யூட்டர் பெட்டியை இணைத்தால் அன்றோடு அது முடிந்தது.

கியர் பொக்ஸ் நிசானுடையதாகவே இருக்கட்டும், பழையது இந்த முறுக்கைத் தாங்காது. பின் அச்சும் சந்தேகம்தான். புரொப்பெலர் ஷாஃப்டை லேத்தில் வெட்டிச் சமன்செய்ய வேண்டும். ஸ்டியரிங் தண்டுக்குப் பக்கத்தில் டர்போவோ சைலன்சர் குழாயோ வருகிறதா என்பதை எஞ்சினை வாங்கும் முன்பே அளந்து பாருங்கள்.

இனி இறக்கம். உங்கள் ஊர் மகாகஸ்தோட்டையில் 1934 முதல் நடக்கும் மலையேற்றப் பந்தயத்தில் கார்கள் ஏறிப் போவதற்குத்தான் நேரம் பார்க்கிறார்கள். நீங்களோ தினமும் இறங்கவும் வேண்டியவர். எம்.ஜி.பி.யில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், அதுவும் 95 குதிரைவலுவுக்கு அளந்து செய்தது. இரு மடங்கு வலு வந்ததும் இரண்டு வளைவுகளுக்கு இடையில் கார் பிடிக்கும் வேகம் மாறிவிடும், பிரேக் மாறாது. முன் டிஸ்க்கையும் கலிப்பரையும் பெரிதாக்குங்கள், பிரேக் ஹோஸ்கள் அத்தனையும் புதிதாக்குங்கள். பிரேக் ஒயில் ஈரம் இழுத்துப் பழையதாகியிருந்தால் சூட்டில் கொதித்து பெடல் தரைவரை போகும். டொட் 4 ஊற்றி வருடா வருடம் மாற்றுங்கள். இந்த வேலை முடிந்து, பழைய எஞ்சினோடேயே ஒருமுறை கம்பளை வரை இறங்கிப் பார்த்த பிறகு, கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு எஞ்சின் தேடிப் போங்கள்.

அங்கே வாங்கும்போது பில்லையும் இறக்குமதிப் பத்திரங்களின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். எஞ்சின் இலக்கம் உங்கள் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அதை மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ்காரருக்கும் அறிவிக்க வேண்டும். பழைய எஞ்சினை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். பொடியிலும் எதையும் வெட்டாமல், எஞ்சினைத் தாங்கும் மவுண்டை போல்ட்டில் கழற்றக்கூடியதாகச் செய்யச் சொல்லி வெல்டிங் பாஸிடம் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.