மீட்டருக்கு முதுகு காட்டி

அன்புள்ள ஐயா,
வெளியூருக்குப் பேச டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த காலத்தவர் என் அப்பா. இன்று வாட்ஸ்அப்பில் பேரனைப் பார்த்துப் பேசுகிறார். ‘இதெல்லாம் வந்தப்போ எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘அது பாட்டுக்கு வந்துச்சு’ என்கிறார். இவ்வளவு பெரிய மாற்றத்தை அனுபவித்தவர்களுக்கு ஆச்சரியமே இருக்காதா?
ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

அப்பா உண்மையைத்தான் சொல்கிறார். ஒரு கருவி வந்த நாள் யாருக்கும் நினைவிருக்காது. அது நம் கைக்கு எட்டிய நாள் நினைவிருக்கும்.

1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசியதுதான் நாட்டின் முதல் செல்போன் அழைப்பு. எங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. நாங்கள் அப்போது வெளியூருக்குக் காசு கொடுத்துப் பேசும் எஸ்.டி.டி. பூத் வாசலில் நின்றுகொண்டிருந்தோம்.

இரவு 11 மணிக்கு மேல் பேசினால் கட்டணம் நாலில் ஒரு பங்குதான். அதுவரை அம்மா தூங்காமல் இருந்து என்னைத் துணைக்கு அழைத்துப் போவார். பம்பாயில் இருந்த அக்காவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருப்பார். கண்ணாடிக் கூண்டுக்குள் போனதும் அவர் கண், கட்டணம் ஓடும் மீட்டரின் சிவப்பு எண்கள் மேலேயே இருக்கும். ‘மாப்பிள்ளை சௌக்கியமா?’ என்பதற்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வி. ஒருநாள் அக்கா அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள். அம்மா தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மீட்டருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டவில்லை. அவர்களுக்கும் தெரிந்திருக்கும்.

2003இல் செல்போனுக்கு வரும் அழைப்புகள் இலவசமாயின. அம்மாவுக்கு மாற்றம் என்றால் அதுதான். அதை இன்றைக்கும் சொல்வார். பத்து வருடம் கழித்து, 2013 ஜூலையில், தந்தி சேவையே நின்றுபோனது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

இப்போது தினமும் வீடியோவில்தான் பேச்சு. இரண்டு நிமிடம் ஆனதும் அம்மா, ‘சரி, வச்சிடட்டுமா?’ என்பார். ‘காசு ஓடலைம்மா, பேசு’ என்பாள் அக்கா. அப்புறம்தான் அம்மா நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருவார்.

அப்பாவிடம் ஆச்சரியத்தைக் கேட்காதீர்கள். டிரங்க் கால் போட்டு யாருக்காகக் காத்திருந்தார், எவ்வளவு நேரம் ஆனது, கிடைத்ததும் முதலில் என்ன பேசினார் என்று கேளுங்கள். பொழுது இருக்கிற நாளாகப் பார்த்துக் கேளுங்கள்.