குடலில் பைகள்: ஆபரேஷன் அவசியமா?

கேள்வி: எனக்கு 58 வயது. மலச்சிக்கலுக்காக கொலோனோஸ்கோபி செய்தபோது பெருங்குடலில் 'டைவர்டிகுலோசிஸ்' இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வலி எதுவும் இல்லை. விதை, கொட்டை வகைகளைத் தொடவே கூடாது என்கிறார்கள். ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: தேவையில்லை. பெருங்குடல் சுவரில் ரத்தக்குழாய்கள் நுழையும் இடங்கள் சற்றுப் பலவீனமானவை. குடலுக்குள் அழுத்தம் கூடும்போது அங்கே உட்சவ்வு வெளிப்பக்கம் பிதுங்கிச் சிறு பைகளாகிறது. இதுதான் டைவர்டிகுலோசிஸ். வயது ஏற ஏற இது சகஜம். பெரும்பாலோருக்கு ஆயுள் முழுக்க எந்தத் தொந்தரவும் தராது. பைகளைக் கரைக்க மருந்தும் இல்லை, அதற்கு அவசியமும் இல்லை.

விதை, கொட்டை விஷயம் பழைய நம்பிக்கை. அவை பைக்குள் சிக்கிப் புண்ணாக்கும் என்று மருத்துவர்களே பல காலம் சொல்லிவந்தோம். சுமார் 47,000 ஆண்களை 18 ஆண்டுகள் கவனித்து 2008-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. தாராளமாகச் சாப்பிடுங்கள். உங்களுக்கு மலச்சிக்கலும் இருப்பதால் நார்ச்சத்தைக் கூட்டுங்கள். ஆனால் படிப்படியாக, தண்ணீரோடு சேர்த்து. ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும்.

கவனிக்க வேண்டியது பை அழற்சியை, அதாவது டைவர்டிகுலைட்டிஸை. அடிவயிற்றில், பெரும்பாலும் இடப்பக்கம், விடாத வலியும் காய்ச்சலும் வரும். ஆசிய நாட்டவருக்கு வலப்பக்கப் பைகள் அதிகம் என்பதால் சில சமயம் குடல்வால் அழற்சி என்றே தோன்றும். சி.டி. ஸ்கேன் குழப்பத்தைத் தீர்த்துவிடும். லேசான அழற்சி ஓய்வு, சில நாள் திரவ உணவு, வலி மருந்து இவற்றிலேயே அடங்கலாம். ஆன்டிபயாடிக் எல்லோருக்கும் தேவைப்படுவதில்லை. சீழ் பெரிதாகக் கட்டினால் குழாய் வைத்து எடுப்பார்கள். குடல் ஓட்டையாகி வயிற்றறைக்குள் கசிவது போன்ற நிலைகளில்தான் அவசர ஆபரேஷன். வயிறு கல்போல் இறுகினாலோ, தொடர்ந்து வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இன்னொன்று ரத்தப்போக்கு. வலியே இல்லாமல் திடீரென நிறைய ரத்தம் போகும். பலருக்குத் தானாக நின்றுவிடும் என்றாலும், மூலம்தான் என்று நீங்களே முடிவுகட்டாமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

புகைப்பழக்கம் இருந்தால் விடுங்கள், எடை கூடாமல் பாருங்கள். மூட்டுவலிக்கு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் மாத்திரைகளை நீங்களாக வாங்கிப் போடுவது அழற்சி, ரத்தப்போக்கு இரண்டுக்கும் வழிவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவரானால் அதை நீங்களாக நிறுத்தாமல், இந்த ரிப்போர்ட்டை இதய மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.