நிறக்கோடு இல்லாத கோதா

அன்புள்ள எழுத்தாளருக்கு,

குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 1915-இல் கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சன் பட்டத்தை இழந்தபின், 1937-இல் லூயிஸ் மேடையேறும்வரை எந்தக் கறுப்பினத்தவருக்கும் ஹெவிவெயிட் (எடை மிகுந்தவர்களின் பிரிவு) பட்டத்துக்கு மோத வாய்ப்பே தரப்படவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அன்றிரவு நானும் என் நண்பரும் உட்கார்ந்து, இந்த நிறக்கோடு, அதாவது கறுப்பரை ஒதுக்கிய நிறவெறி, இல்லாதிருந்தால் சாம்பியன்கள் பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தோம். நான் வெள்ளைச் சாம்பியன்களான சல்லிவனையும் டெம்ப்சியையும் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். நடக்காத சண்டைக்கு முடிவு எழுதுவது வீண் வேலை என்கிறார் நண்பர். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

தங்கள் வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

வீண் வேலை என்று நான் சொல்லமாட்டேன். அந்தச் சண்டைகள் தானாக நடக்காமல் போகவில்லை. நடக்கவிடாமல் செய்தார்கள். அதனால் உங்கள் பட்டியலை அக்கறையோடுதான் படித்தேன். சல்லிவனை நீக்கியது சரி. டெம்ப்சி விஷயத்தில் எனக்கு வேறு கருத்து இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

என் பட்டியல் கறுப்பினத்தவரான பீட்டர் ஜாக்சனில் தொடங்கும். கரீபியக் கடலில் உள்ள செயின்ட் குரோய் தீவில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் தொழில் பழகி, 1886-இல் அந்த நாட்டின் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். பட்டத்துக்காக அமெரிக்கா வந்தார். கறுப்பர்களோடு மோதமாட்டேன் என்பதை அப்போதைய சாம்பியன் ஜான் எல். சல்லிவன் வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். 1889-இல் கில்ரெய்ன் என்ற வீரரோடு 75 சுற்று மோதி ஜெயித்த பிறகு மூன்று வருடம் அவர் பட்டத்துக்காக மோதவே இல்லை. குடியும் உடம்பும் கூடிக்கொண்டே போன காலம் அது. அந்த மூன்று வருடத்தில் ஜாக்சனோடு மேடையேறியிருந்தால் சல்லிவன் தோற்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

1891 மே 21 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஜாக்சனுக்கு எதிரே நின்றவர் ஜேம்ஸ் கார்பெட், வங்கியில் குமாஸ்தாவாக இருந்த இளைஞர். சுற்றுக்கு மூன்று நிமிடம், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு. அந்தக் கணக்கில் 61 சுற்று போயிற்று. கிட்டத்தட்ட நான்கு மணி நேரம்! கடைசியில் இரண்டு பேருக்கும் கையைத் தூக்கத் தெம்பில்லை. நடுவர் முடிவே சொல்லாமல் நிறுத்திவிட்டார். ஜாக்சனுக்கு ஈடுகொடுத்தவர் என்ற பெயர் கார்பெட்டுக்குக் கிடைத்தது. அடுத்த வருடமே சல்லிவனோடு மோதி சாம்பியன் ஆகிவிட்டார். அதே 61 சுற்று ஜாக்சனுக்கு எதையும் பெற்றுத் தரவில்லை. காசநோய் கண்டு 1901-இல் குவீன்ஸ்லாந்தில் இறந்தார்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கார்பெட் சல்லிவனை வென்றது 1892 செப்டம்பர் 7, நியூ ஆர்லியன்ஸில். அதற்கு முந்தின இரவு, அதே கிளப்பில், ஜார்ஜ் டிக்சன் என்ற கறுப்பர் ஜாக் ஸ்கெல்லி என்ற வெள்ளையரை வீழ்த்தி ஃபெதர்வெயிட் பட்டத்தைத் தக்கவைத்தார். 1902-இல் ஜோ கேன்ஸ் லைட்வெயிட் சாம்பியன் ஆனார். அதாவது, எடை குறைந்த பிரிவுகளில் கதவு கொஞ்சமாவது திறந்திருந்தது. ஹெவிவெயிட்டில்தான் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். அந்தப் பட்டம் வைத்திருப்பவன் உலகிலேயே பலசாலி என்று ஊர் நம்பியது. அந்த இடத்தில் ஒரு கறுப்பரை உட்கார வைக்க வெள்ளை அமெரிக்காவுக்கு மனம் வரவில்லை. அதனால்தான் ஜான்சன் 1908-இல் சிட்னிவரை போய் அப்போதைய வெள்ளைச் சாம்பியன் டாமி பர்ன்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. தோற்ற பர்ன்ஸுக்கு 30,000 டாலர், ஜெயித்தவருக்கு 5,000. ஒன்றரை வருடம் கழித்து, அமெரிக்காவின் ரீனோ நகரில் ஜான்சன் வெள்ளையரான முன்னாள் சாம்பியன் ஜெஃப்ரீஸை வீழ்த்திய அன்று பல நகரங்களில் கறுப்பர்களைத் தேடித் தேடி அடித்தார்கள். உயிர்கள் போயின.

அந்தக் கலவரப் பயத்தைக் காட்டித்தான் ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரரையும் ஒதுக்கினார்கள். டெம்ப்சியோடு மோத 1922-இல் ஒப்பந்தம், 1925-இல் மறுபடியும் ஒப்பந்தம். சண்டை மட்டும் நடக்கவில்லை. 1922-இல் நடந்திருந்தால் டெம்ப்சி ஜெயித்திருப்பார் என்பது என் கணிப்பு. வில்ஸ் பலசாலிதான், ஆனால் டெம்ப்சியின் வேகத்துக்கு முன்னால் அவர் நிதானம் செல்லாது. ஆகவே டெம்ப்சியை நான் பட்டியலிலிருந்து நீக்கமாட்டேன். அவருடைய மிகப் பெரிய வெற்றியாக அது இருந்திருக்கும். அவருக்கும் அது கிடைக்காமல் போயிற்று.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜான்சன் எனக்கு மிகவும் பிடித்தவர், சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. சாம்பியன் ஆனதும் அவரும் சாம் லாங்ஃபோர்ட் என்ற கறுப்பின வீரருக்கு வாய்ப்பு தரவில்லை. வெள்ளையரோடு மோதினால்தான் டிக்கெட் விற்கும், பணமும் கூட வரும். நிறக்கோடு இல்லாத ஊரில் அந்தக் கணக்கே இருந்திருக்காது. 1906-இல் இருவரும் ஒருமுறை மோதினார்கள், ஜான்சன் ஜெயித்தார். ஆனால் அன்று லாங்ஃபோர்டுக்கு அவரைவிட ஏறத்தாழ முப்பது பவுண்டு எடை குறைவு. உயரம் ஐந்தே முக்கால் அடிகூட இல்லை. அப்புறம் உடம்பு தேறி, குத்தில் இடி இறங்க ஆரம்பித்த வருடங்களில் ஜான்சன் அவர் பக்கமே வரவில்லை. இளம் வயதில் தானும் லாங்ஃபோர்டோடு மோதப் பயந்ததாகப் பின்னாளில் டெம்ப்சியே எழுதினார்.

பட்டம் இல்லாததால் லாங்ஃபோர்ட் என்ன செய்தார்? தன்னைப் போலவே ஒதுக்கப்பட்டவர்களோடு மாறி மாறி மோதினார். ஜோ ஜெனட்டோடு ஒரு டஜன் தடவைக்கு மேல், சாம் மெக்வீயோடும் அப்படியே, வில்ஸோடு பதினேழு தடவைக்குக் குறையாமல். அதே ஆட்கள், அதே முஷ்டிகள், கூலிக்கு அடிவாங்குவது மாதிரி. 1917-இல் இடது கண் போயிற்று. ஒரே ஒரு பட்டச் சண்டையின் பணம் கையில் இருந்திருந்தால் அன்றைக்கே கையுறையைக் கழற்றியிருப்பார். இல்லாததால் ஒற்றைக் கண்ணோடு தொடர்ந்தார். அதுவும் மங்கியது. 1922-இல் அந்தப் பார்வையோடு டைகர் ஃபிளவர்ஸ் என்ற இளைஞரை இரண்டாவது சுற்றிலேயே வீழ்த்தினார். அந்த ஃபிளவர்ஸ் நான்கே வருடத்தில் மிடில்வெயிட் உலக சாம்பியன் ஆனார்.

1944-இல் நியூயார்க் பத்திரிகை நிருபர் ஒருவர் அந்நகரின் ஹார்லெம் பகுதி முழுக்கத் தேடி லாங்ஃபோர்டைக் கண்டுபிடித்தார். இருட்டான ஒரு வாடகை அறையில், முழுக்கப் பார்வை இழந்து, காசில்லாமல் உட்கார்ந்திருந்தார். நிருபர் எழுதியதைப் படித்தவர்கள் அனுப்பிய பணத்தில்தான் அதன்பிறகு ஜீவனம் நடந்தது. 1956-இல் காலமானார்.

சரி, என் பட்டியலில் அவர் கட்டாயம் உண்டு. 1910-இலா, 1911-இலா, எந்த வருடத்துக்கு நேரே எழுதுவது என்பதில்தான் எனக்குத் தீர்மானமில்லை. வீண் வேலை என்ற நண்பரிடமும் கேட்டு எழுதுங்கள்.