தனியாகப் பேசுவதா, குழுவில் உட்காருவதா?

உளவியல் சிகிச்சையாளராக நான் நடத்தும் மைண்ட்ஃபுல்னெஸ் குழு (மூச்சு, உடம்பு, மனசில் ஓடுவது எல்லாவற்றையும் அப்படியே கவனிக்கப் பழகும் குழு) பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பெயர் வேண்டாம்.

குழுவில் தெரிந்தவர் யாராவது இருந்தால்? நம்ம ஊரில் ஒருத்தருக்குத் தெரிந்தால் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்த மாதிரிதான். (நாகர்கோவில்)

நியாயமான பயம். உங்கள் விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்று 2017 மனநலச் சட்டம் என்னைக் கட்டுப்படுத்துகிறது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை அது கட்டுப்படுத்தாது. அவர் வாக்கு மட்டும்தான் கொடுக்கிறார், அதை நான் மறைக்க மாட்டேன். அதனால் ஒவ்வொருவரையும் முதலில் தனியாகப் பார்த்துப் பேசிவிட்டுத்தான் சேர்க்கிறேன், சொந்தக்காரர்களையும் ஒரே ஆபீஸில் வேலை செய்பவர்களையும் ஒரே குழுவில் போடுவதில்லை. அப்புறம், இது கதை சொல்லும் குழு இல்லை. பயிற்சி செய்யும்போது என்ன கவனித்தீர்கள் என்றுதான் கேட்பேன். ‘முட்டி வலித்தது, எரிச்சல் வந்தது’ என்று சொன்னால் போதும். மாமியாரோடு என்ன சண்டை என்பதெல்லாம் தனி அறையில் பேச வேண்டியது.

ஒக்கிப் புயலில் கடலில் மாட்டிக்கொண்ட என் கணவர் உயிரோடு திரும்பி வந்தார். ஒரு வகுப்பில் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொன்னதும் எழுந்து வெளியே போய்விட்டார். இனி எங்கேயும் வரமாட்டேன் என்கிறார். (தூத்தூர் பக்கம்)

எழுந்து போனது சரிதான். அவருக்கு வீம்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உப்புத் தண்ணீர் குடித்து மூச்சுக்குத் தவித்த ஒருவருக்கு மூச்சு அமைதியான இடம் இல்லை, பயம் குடியிருக்கும் இடமே அதுதான், கண்ணையும் மூடச் சொன்னால் 2017 நவம்பர் கடைசிக்கே திரும்பப் போய்விடுவார். பெரிய விபத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பயிற்சி சில சமயம் படபடப்பைக் கூட்டும், இது எங்கள் துறையில் தெரிந்த விஷயம். ஆனாலும் எல்லாரையும் ஒரே பாயில் படுக்கவைத்து ஒரே பயிற்சியைக் கொடுக்கும் வகுப்புகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

அவருக்கு முதலில் தனி சிகிச்சை. தூக்கம் எப்படி, காற்று பலமாக அடித்தால் என்ன செய்கிறார், குடி கூடியிருக்கிறதா, திரும்பக் கடலுக்குப் போகிறாரா என்று கேட்பேன். நடந்ததை முதல் நாளே சொல்லச் சொல்ல மாட்டேன். கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டு தரையில் கால் அழுந்துவதை, வலை சரிபண்ணும்போது விரலில் நூல் உரசுவதைக் கவனிப்பதில் தொடங்கலாம். அதில் கொஞ்சம் நிலைத்த பிறகு, அவர் தாங்கும் அளவில், அந்த நினைவுகளை நேரடியாக எடுத்துப் பேசும் சிகிச்சைக்குப் போவோம். கூடப் போனவர்களில் திரும்பாதவர் யாராவது உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், ‘நான் மட்டும் ஏன் கரை ஏறினேன்’ என்ற கேள்வியும் உள்ளே இருக்கலாம், அந்தக் குடும்பம் அதே தெருவில் இருந்தால் பாரம் இன்னும் அதிகம். குழுவைப் பற்றி இப்போது பேச்சே எடுக்காதீர்கள். அவராகக் கேட்டால் அப்போது பார்க்கலாம்.

ரப்பர் பால் வெட்டுக்கு விடியும் முன்பே எழுந்து போகிறவன் நான். தினமும் முக்கால் மணி நேரத்துக்கு எங்கே போவேன்? (குலசேகரம்)

முக்கால் மணி நேரம் கட்டாயம் இல்லை. 10 நிமிடத்தில் தொடங்கலாம், ஆனால் வாரத்தில் பெரும்பாலான நாள் செய்ய வேண்டும். ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடப்பதையே பயிற்சியாக்கலாம். கத்தி கையில் இருக்கும்போது மட்டும் கண்ணை மூட வேண்டாம்!

இது புத்த மதத் தியானம், சபைக்கு ஆகாது என்கிறார்கள். (தக்கலை)

வேர் புத்த மதத்தில் இருப்பது உண்மை. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜான் கபாட்-ஜின் என்பவர் நாள்பட்ட வலியோடு வந்த நோயாளிகளுக்காக, மந்திரம், வழிபாடு எதுவும் இல்லாமல், மருத்துவமனையில் ஒரு பயிற்சியாக இதை அமைத்தார். அப்படியும் மனசு ஒப்பவில்லையா? விட்டுவிடுங்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் வேறு நல்ல சிகிச்சைகள் இருக்கின்றன, உறுத்தலோடு உட்கார்ந்து பலன் இல்லை.

எனக்கு மூன்று தடவை டிப்ரஷன் வந்து போனது. இப்போது நன்றாக இருக்கிறேன். குழுவில் சேர்ந்தால் மாத்திரையை விட்டுவிடலாமா? (மார்த்தாண்டம்)

உங்களைப் போன்றவர்களுக்காகவே சீகல், வில்லியம்ஸ், டீஸ்டேல் என்ற மூன்று பேர் எம்பிசிடி என்ற முறையை, அதாவது மைண்ட்ஃபுல்னெஸையும் எண்ணங்களைக் கையாளும் சிகிச்சையையும் சேர்த்த குழுப் பயிற்சியை, உருவாக்கினார்கள். மனசு லேசாகத் தொய்யும்போது ‘நான் எதற்கும் உதவாதவன்’ என்ற பழைய பேச்சு உள்ளே தொடங்குமே, அதை ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டு, அதன் பின்னால் ஓடாமல் இருக்கப் பழகுவதுதான் இதில் வேலை. இங்கிலாந்தில் 424 பேரை இரண்டு வருடம் பார்த்த ஆய்வு 2015இல் வந்தது. குழுவில் சேர்ந்து மருந்தைக் குறைத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மருந்தைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் மறுபடி வந்தது. குழு மருந்தை ஜெயித்துவிடவில்லை, பெரிதாகத் தோற்கவும் இல்லை. அவர்களும் டாக்டர் பார்வையில் படிப்படியாகத்தான் குறைத்தார்கள். நான் மாத்திரை எழுதுகிறவன் இல்லை, நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். உங்கள் மனநல மருத்துவரிடம் கேளுங்கள். குழுவுக்கு மாத்திரையோடும் வரலாம்.

மகன் பிளஸ் டூ. அறைக் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறான். குழுவில் சேர்க்கலாமா? (கொளச்சல்)

வேண்டாம். பெரியவர்கள் குழு அவனுக்கு ஒத்துவராது. முதலில் தனியாகப் பார்க்க வேண்டும், அதுவும் உங்களை வெளியே உட்காரவைத்துவிட்டு. வர மறுத்தால் இழுத்து வராதீர்கள், நீங்கள் மட்டும் வாருங்கள். சாவு பற்றி அவன் விளையாட்டாகச் சொன்னால்கூட அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல், தனியாக விடாமல், அன்றைக்கே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி ஆகிவிட்டாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யலாம், காசு இல்லை, தமிழிலேயே பேசலாம்.