குளிசையை வெட்டும் நொதியம்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: அம்மாவுக்குச் சலக்கடுப்பு. 5 நாள் அமொக்சிசிலின் குடித்தும் எரிவு குறையவில்லை. சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனையில் 'ஈ.கோலை, ஈஎஸ்பிஎல் பொசிற்றிவ்' என்று வந்திருக்கிறது. உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டதா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உடம்பு பழகவில்லை, கிருமிதான் (ஈ.கோலை என்ற பற்றீரியா) தப்பப் பழகியிருக்கிறது. அமொக்சிசிலினின் நடுவில் 3 காபன், 1 நைதரசன் சேர்ந்த சின்ன வளையம் ஒன்று உண்டு. பற்றீரியா தன் சுவரைக் கட்டப் பயன்படுத்தும் புரதத்தில் அந்த வளையம் போய் ஒட்டிக்கொண்டால் சுவர் வேலை நின்று கிருமி வெடிக்கும். பீற்றா-லக்டமேஸ் என்ற நொதியம், ஒரு நீர் மூலக்கூறைப் புகுத்தி வளையத்தை உடைத்துவிடுகிறது. உடைத்த கையோடு அடுத்த மூலக்கூறுக்குப் போய்விடும். அதனால்தான் இரட்டைக் குளிசை போட்டுப் பார்ப்பது வீண். ஈஎஸ்பிஎல் இந்த நொதியத்தில் கைதேர்ந்த வகை: செஃப்ட்ரியாக்சோன் என்ற ஊசி மருந்தையும் உடைக்கும். இதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்னும் டிஎன்ஏ வளையத்தில் இருப்பதால் கிருமிக்குக் கிருமி கைமாறும்.

நைற்றோபியூரன்டொயின் என்ற வேறொரு கிருமிகொல்லி மருந்தில் அந்த வளையமே இல்லை, நொதியத்துக்கு அங்கே வேலையும் இல்லை. அறிக்கையில் அதற்கு நேரே 'எஸ்' (கிருமி அந்த மருந்துக்கு அடங்கும் என்ற குறி) இருந்தால் வைத்தியரிடம் கேளுங்கள். காய்ச்சலோ விலாநோவோ இருந்தால் அந்த மருந்து போதாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் பொருந்தாது.

மறுபடி சிறுநீர் கொடுப்பதானால் முதலில் வருவதை விட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். 2 மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடம் சேரவேண்டும். வெயிலில் பஸ்ஸில் போகும் போத்தலுக்குள் கிருமி பெருகி அறிக்கையையே குழப்பிவிடும். பிந்துமென்றால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள் (உறையும் தட்டில் அல்ல).

கேள்வி: மடி வீங்கிய பசுவுக்கு ஒரு காம்பில் மட்டும் பென்சிலின் ரியூப் ஏற்றினோம். மற்றக் காம்புகளின் பால்கூட உறைமோர் விட்டும் தயிராகவில்லை. ஏன்?
— வாசகர், மாங்குளம்

பதில்: ஒரு காம்பில் ஏற்றிய மருந்து இரத்தத்தில் கலந்து மற்றவற்றிலும் இறங்கும். உறைமோரில் உள்ள பற்றீரியாக்கள் பென்சிலினுக்கு மிக எளிதில் சாகின்றவை. காய்ச்சினாலும் மருந்து முழுதாக அழியாது. ஆய்வுகூடத்தில் இப்படிப்பட்ட பாலில் மேலே சொன்ன நொதிய வகையான பென்சிலினேசைச் சேர்த்துப் பார்ப்பார்கள். பற்றீரியா வளரத் தொடங்கினால், தடுத்தது பென்சிலின் குடும்ப மருந்துதான் என்று தெரிந்துவிடும். ரியூப் பெட்டியில் குறித்திருக்கும் நாட்கள் முடியும்வரை 4 காம்புப் பாலையும் விற்கவேண்டாம். கன்றுக்கு ஊற்றுவதும் பிழை: அதன் குடலில் நொதியமுள்ள கிருமிகள்தான் மிஞ்சிப் பெருகும்.